சின்னவள் பங்கு

துண்டுத் துணிக் கடைக்காரருக்குக் கஜக்கோல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, வாடிக்கைக்காரிகள் வைத்தது. ஆளும் கோல் மாதிரி ஒல்லி, அளப்பதிலும் கோல் மாதிரி கறார். விரல் அகலம் கூடக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு வாடிக்கைக்காரிக்கு மட்டும் கேட்காமலே ஒரு வேலை செய்வார். அவள் எந்தத் துணியைத் தொட்டுக் காட்டினாலும் சரி, அளந்து, நடுவில் மடித்து, சரக்கென்று இரண்டாக வெட்டி, இரண்டையும் தனித்தனியாகச் சுருட்டிக் கையில் கொடுப்பார்.

ஒரு பாதி அவளுக்கு. மறுபாதி அவள் தங்கைக்கு.

அந்தத் தங்கை அவளோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்கில் ஆகிறது. அது கஜக்கோலுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட, "எதுக்கும்மா வெட்டணும்?" என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் அவள் பாதியோடு நிறுத்திக்கொள்வாளே! வாயை எங்கே திறப்பது என்பதைவிட எங்கே மூடுவது என்பதுதான் வியாபாரத்தில் முதல் பாடம்.

அக்காவும் தங்கையும் ஒரே குடை, ஒரே மிட்டாய், ஒரே சீப்பு என்று வளர்ந்தவர்கள். எதுவானாலும் ஒருத்தி பங்கு போட வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். பங்கு போடுகிறவளை யோக்கியமாக வைத்திருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. கல்யாணமாகி ஆளுக்கொரு வீடு போனதும் அந்தச் சட்டம் துணிக்கு வந்தது. இரண்டு பேருக்கும் ஒட்டுப் போர்வைப் பைத்தியம். விதவிதமான துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு முழுத்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஊசி ஓட்டினால் ஒட்டுப் போர்வை. சொல்ல ஒரு மூச்சு, தைக்க ஒரு மழைக்காலம்.

இந்த வேலையில் ஒரு வினோதம் உண்டு. தைப்பது ஆமை, வாங்குவது முயல். பெரியவள் வீட்டில் சனிக்கிழமை மதியம் கூடுகிற போர்வைக் கூட்டத்தில் நாலு பேர். யாரிடம் கேட்டாலும், இருக்கிற துணியைத் தைத்து முடிக்க இன்னும் ரெண்டு பிறவி எடுக்க வேண்டும். ஆனாலும் கஜக்கோல் கடையில் புதுச் சரக்கு இறங்கியது என்றால் நாலு பேருக்கும் அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் வேலை இருக்கும். டீச்சரம்மா வாங்கிய துணியைப் பரீட்சைத் தாள் கட்டுக்கு அடியில் ஒளிப்பாள். நர்ஸம்மா காரில் ஸ்டெப்னி டயர் இருக்கிற குழியில் வைப்பாள். அவள் வீட்டுக்காரர் டயர் பஞ்சராகி ஒருநாள் டிக்கியைத் திறந்து, பூப்போட்ட துணியாக எடுத்து ரோட்டில் போட்டுக்கொண்டே இருந்தாராம். பேக்கரிக்காரம்மா இன்னும் கெட்டி. வாங்கின அன்றே துவைத்துக் காயப்போட்டு, "இதா? இது பழசுங்க" என்று விடுவாள்.

பெரியவள் எதையும் ஒளிப்பதில்லை. அவள் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். வாசல் அறை முழுக்கப் பம்பும் ஃபேனும் பிரித்துப் போட்டுக் கிடக்கும். அவரால் வாயைத் திறக்க முடியாது. மகன் வேலைக்காக வெளியூர் போனதும் அவன் அறை துணிக்கு வந்தது. அலமாரியில் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கும். வலது பக்கம் அவள் பங்கு, வெட்டி எடுத்து ஓரங்கள் பிய்ந்து, இளைத்துப்போய். இடது பக்கம் சின்னவள் பங்கு, கடையில் சுருட்டிய சுருள் கலையாமல், சுவர் தெரியாமல்.

சண்டை ஒரு விரல் அகலத்தில் வந்தது. சின்னவள் மகனுக்காக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு போர்வை தைத்தார்கள். மேல்பாதி அக்கா, கீழ்பாதி தங்கை, அவரவர் வீட்டில் தைத்து நடுவில் சேர்ப்பதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்துச் சின்னவள் புருஷனுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் போட்டார்கள். சின்னவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கையாலேயே தன் பாதியைத் தைத்தாள். அந்த மனிதர் எழுந்து வந்து இப்போது முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார், அது வேறு விஷயம். அவள் தன் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனபின் பெரியவள் அதை மேஜையில் விரித்தால், தையல் சில இடத்தில் உள்ளே ஏறியிருந்தது, சில இடத்தில் வெளியே ஓடியிருந்தது. மூலைக்கு மூலை சேரவில்லை.

பெரியவள் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை தையலையும் பிரித்து, இஸ்திரி போட்டு, மிஷினில் நேராகத் தைத்து, மூலையெல்லாம் ஊசிமுனை சுத்தமாகச் சேர்த்து, தங்கை வந்ததும் பெருமையாக விரித்துக் காட்டினாள்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். கையால் தடவினாள்.

"என் தையல் எங்கக்கா?"

"அது கோணலா இருந்துச்சுடி. பிரிச்சுட்டேன்."

"உசிரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்து தச்சேன்," என்றாள் சின்னவள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள்தான்.

பெரியவளுக்குத் தப்பு மறுநாளே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? நல்லதாக ஒரு துணி எடுத்து, வழக்கம்போலப் பாதி வெட்டி, "இந்தா, உன் பங்கு" என்று நீட்டினால் அவள் வாங்காமல் இருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டாள். கஜக்கோல் கடைக்குப் போய் எடுத்தாள். கடையை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் அடுத்த தெரு சின்னவள் வீடு. தெருமுனை வரை போனாள். பையைத் திறந்து பார்த்தாள். இந்தப் பச்சை அவளுக்குப் பிடிக்காதே என்று தோன்றியது. பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். அடுத்த மாதம் நீலம் எடுத்தாள். அது மட்டமாகத் தெரிந்தது. அதற்கடுத்து எடுத்தது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இத்தனை நாள் கழித்து இவ்வளவு சின்னத் துண்டா என்று கூச்சமாகிவிட்டது. இப்படியே ஒவ்வொரு துணியும் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இடது பக்க அலமாரியில் ஏறியது.

போர்வைக் கூட்டம் அதைப் பார்த்து, "உனக்குத்தான் துணிப் பேராசை ஜாஸ்தி" என்று கேலி செய்யும். "ஆமா" என்று சிரித்துக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை கடைக்குள் கால் வைத்ததும் கஜக்கோல், "உக்காருங்கம்மா" என்றார். அந்தக் கடையில் உட்கார ஒரு ஸ்டூல் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க, உடம்புக்கு ஏதாச்சும்...?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். உங்க தங்கச்சி வந்துட்டுப் போனாங்க."

"என்ன எடுத்தா?"

நல்லா இருக்காளா, இளைச்சிருக்காளா, முடி நரைச்சிருக்கா என்று எதுவும் கேட்கவில்லை. போர்வைக்காரி புத்தி அப்படி.

"எடுக்கலீங்க. கொடுத்துட்டுப் போனாங்க." அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மகன்கிட்டயே போயிடறாங்களாம், வெளிநாட்டுக்கு. ஒரேயடியா. வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு. தையல் மிஷினக்கூட எதிர்வீட்டுக்குக் கொடுத்துட்டாங்களாம். வீட்ல கெடந்த துணியெல்லாம் இதுதான்னு போட்டுட்டுப் போனாங்க."

பெரியவள் மூட்டை முடிச்சை அவிழ்த்தாள். மேலே கிடந்தது மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. அதன் மறுபாதி அவள் வீட்டு அலமாரியில், வலது பக்கம், இரண்டாம் தட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே மயில்கழுத்துக் கட்டம். அதன் மறுபாதியைத் தன் மகன் போர்வையில் தைத்தாயிற்று. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள். எல்லாம் சண்டைக்கு முந்தியவை. சண்டைக்குப் பிந்தியது ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷம் சின்னவள் துணி எடுக்கவே இல்லை.

"இந்த மூட்டை என்ன விலை சொல்றீங்க?"

கஜக்கோல் சொன்னார். அவள் கை மடியிலிருந்த துணியையே தடவிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் தன் வேலையை விடவில்லை.

"நீங்க இத என்ன விலைக்கு எடுத்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? அவளுக்கு விக்கத் தெரியாது. நீங்க சொன்னதுக்குத் தலையாட்டியிருப்பா."

"ஆட்டினாங்கம்மா," என்றார் கஜக்கோல். "ஒரு வார்த்தை பேரம் பேசல. நான் கொறச்சுச் சொன்னேன், ஏத்திக் கேப்பாங்கன்னு பார்த்தேன். சரின்னுட்டாங்க. பேரம் பேசாதவங்க கிட்ட வாங்கினா திருடின மாதிரி இருக்குதுங்க. வாங்கின விலைக்கே எடுத்துக்கங்க. என்னால இதப் பாத்துக்கிட்டு ஒக்கார முடியாது."

கஜக்கோல் லாபமில்லாமல் ஒரு சரக்கைத் தள்ளிவிட்டார் என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. பெரியவளுக்கும் அதைக் கவனிக்கிற நிலை இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தெருமுனையில் நின்றாள். தங்கை விற்ற மூட்டையையே தூக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்பதா? பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

வீட்டுக்காரர் பம்பை வைத்துக்கொண்டு செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மூட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கம்பியைக் கீழே வைத்தார். அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"ஆக, இப்ப ரெண்டு பாதியும் உங்கிட்டயே வந்து சேந்துடுச்சு," என்றார். "ரொம்ப நல்லது."

"குத்திக்காட்டாதீங்க."

"வெள்ளிக்கிழமை போறாளா?"

"ஆமா."

"நாளைக்குக் காலைல போ."

"போறேன். வெறுங்கையோட போக முடியாதுங்க. அவ பங்கு எல்லாத்தையும் கொண்டுபோக முடியாது, நல்லதா நாலு பார்த்து..."

"வெறுங்கையா? அந்த ரூம்ல காத்துக்கு நுழைய வழியில்ல!"

சொன்னாரே தவிர, செவ்வாய்க்கிழமை அவள் போகவில்லை. இடது பக்க அலமாரியை முழுக்க இறக்கித் தரையில் பரப்பினாள். சின்னவளுக்கு எது பிடிக்கும்? முன்னே சிவப்பு பிடிக்கும். இப்போதும் பிடிக்குமா? அங்கே குளிர் ஊராக இருந்தால் தடிமன் துணி வேண்டாமா? சிவப்போடு சாம்பல் சேர்த்தாள், சாம்பல் அழுதுவடிகிறது என்று எடுத்தாள், பச்சை வைத்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தள்ளிப் பார்த்தாள். புதன்கிழமையும் அப்படியே போயிற்று. வீடு பற்றி எரிந்தால்கூட எந்த வாளி எந்தச் சுவர் நிறத்துக்குப் பொருந்தும் என்று பார்க்கிற ஜாதி இந்தப் போர்வைக்காரிகள். வியாழக்கிழமை மதியம் வீட்டுக்காரர் அறைக்குள் வந்தார். கைக்குக் கிடைத்ததை அள்ளி இரண்டு பையில் திணித்தார். பையை அவள் கையில் கொடுத்து, வாசல் வரை கூடவே வந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

சின்னவள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சாமான் ஏதுமில்லை. திரைச்சீலை கழற்றிய ஜன்னல், படம் மாட்டியிருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம், கூடத்தின் நடுவில் நாலு பெட்டி. சின்னவள் புருஷன் எடை பார்க்கிற மெஷின் மேல் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, வாங்கக்கா!" என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி. உள்பக்கம் திரும்பி, "யார் வந்திருக்காங்க பாரு" என்றார். அப்புறம் புத்திசாலித்தனமாக, கடைக்குப் போய்க் கயிறு வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். கயிறு ஒரு கட்டு பெட்டி மேலேயே இருந்தது.

சின்னவள் வந்து நின்றாள். நரைத்திருந்தாள். இளைத்தும் இருந்தாள். அக்காவை விட்டுவிட்டு அவள் கையிலிருந்த பைகளைப் பார்த்தாள்.

"துணியா?"

"உன் பங்கு."

"எந்தப் பங்கு?"

பெரியவள் தரையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். சுருள்கள் உருண்டு நாலு பக்கமும் போயின. சின்னவள் உட்காரவில்லை. குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"இது எப்ப எடுத்தே?"

"நீ கோவிச்சுட்டுப் போனியே, அந்த மாசம்."

"இது?"

"உம் பையன் பாஸ் பண்ணிட்டான்னு டீச்சர் சொன்னா. அன்னிக்கு."

"இது?"

"நீ படி தவறி விழுந்து கால்ல கட்டுப் போட்டிருந்தேன்னு கேள்விப்பட்டேன்."

சின்னவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "கஜக்கோல் கடையிலயா?"

"ம்."

"அடுத்த தெருக்கா! கடைக்கு அடுத்த தெரு! கால ஒடிச்சுக்கிட்டு நான் இதே ஜன்னல்ல உக்காந்து தெருவப் பாத்துக்கிட்டிருந்தேன். நீ அங்க நின்னு எனக்கு எந்த டிசைன் பொருந்தும்னு பார்த்தியா?"

"முனை வரைக்கும் வந்தேன்டி. ஒவ்வொரு தடவையும் வந்தேன்."

"வந்து?"

பெரியவள் ஒரு சுருளை எடுத்து மறுபடி இறுக்கிச் சுருட்டினாள்.

"வந்து கதவத் தட்டியிருக்கலாம்ல?"

"தட்டினா தொறந்திருப்பியா?"

"மாட்டேன்," என்றாள் சின்னவள் உடனே. "மொதத் தடவ கண்டிப்பா மாட்டேன். ரெண்டாந் தடவ உள்ள நின்னு யோசிச்சிருப்பேன். மூணாந் தடவ திட்டிக்கிட்டே காபி போட்டிருப்பேன். நீ தட்டினாத்தானே நான் தொறக்காம இருக்க முடியும்? அதுக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியே."

பெரியவள் அழுதாள். சின்னவள் தடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, உருண்டுபோன சுருள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

"நீ ஏன்டி தைக்கிறத விட்டே?" என்றாள் பெரியவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"தச்சு யாருக்குக் காட்ட? எல்லாரும் நல்லா இருக்குன்னுட்டாங்க. மூலை சேரலன்னு சொல்ல ஒருத்தி வேணாமா?"

"அன்னிக்கு நான் பிரிச்சது தப்பு."

"சேரலதான். எனக்கே தெரியும். சேராம இருந்தா என்ன, போத்தினா குளிருமா?" சின்னவள் எழுந்தாள். "இதையெல்லாம் நான் எடுத்துட்டுப் போக முடியாதுக்கா. அவர் ஊறுகாப் பாட்டிலையே எடை போட்டுப் போட்டு எடுத்து வெளிய வெக்கிறாரு."

"பரவால்ல. நானே வெச்சிருக்கேன்."

"வெச்சிருந்து?"

"தச்சு அனுப்பறேன்."

"நீயா? உன் வேகத்துக்கா? அதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தி வந்து, அதுகளுக்கும் கல்யாணம் ஆயிடும்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவளும் சிரிக்கத்தான் பார்த்தாள், முகம் பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. சட்டென்று திரும்பிப் படுக்கையறைக்குள் போனாள். கட்டிலை விற்றாயிற்று. தரையில் கிடந்த மெத்தை மேல் கடைசிப் படுக்கை விரிப்பு மட்டும் இருந்தது. அதை உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"சும்மா ஒக்காந்திருக்கியே, எந்திரி. அந்த முனையப் புடி."

பெரியவள் எழுந்து இரண்டு முனையையும் பிடித்தாள். சின்னவள் மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு சுவர் வரை பின்னால் போனாள். பெரிய விரிப்பு அது. தனி ஆளாக மடிப்பதென்றால் நடுவை மோவாயில் இடுக்கிக்கொண்டு, தரையில் புரளவிட்டு, ஒரு போராட்டமே நடத்த வேண்டும். இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறினார்கள். துணி உப்பி மேலே எழுந்து ஒருவர் முகத்தை ஒருவருக்கு மறைத்தது, இறங்கியது. நீளவாக்கில் மடித்தார்கள். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்தார்கள். சின்னவள் தன் முனைகளை அக்கா கையில் கொடுத்தாள். விரல்கள் தொட்டன. கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு சின்னவள் மறுபடி பின்னால் போனாள். மறுபடி வந்தாள். விரிப்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு தலையணை அளவுக்கு, முனைக்கு முனை சரியாகப் பொருந்தி, இரண்டு பேர் கைக்கும் நடுவில் நின்றது.

யாரும் கையை எடுக்கவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கயிறு வாங்கப் போனவர் வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனார்.

"சரியா வரல," என்றாள் சின்னவள்.

விரிப்பை அவளே வாங்கி ஒரே உதறில் முழுக்கப் பிரித்தாள். இரண்டு முனைகளை அக்காவிடம் நீட்டினாள். பெரியவள் வாங்கிக்கொண்டு சுவர் வரை பின்னால் போனாள்.